கண்ணாயியின் தண்டைச் சத்தம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்குப் போகிற சாலையில், ஒரு நர்சரிக்கும் ஒரு ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே பாப்பாத்தியின் கடை இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும். போர்டு கிடையாது, தேவையும் இல்லை. அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் கடையைப் பார்ப்பதற்கு முன்பே பாப்பாத்தியின் குரலைக் கேட்டுவிடுவார்கள்.

"ஏனுங்க, அந்தத் தோட்டைக் காதுல போட்டிருக்கீங்களா, சும்மா தொங்க உட்டிருக்கீங்களா? கழண்டு உழுகப் போவுது, இங்க வாங்க!"

சாலையில் போகிற, முன்பின் தெரியாத டூரிஸ்ட் அம்மாவைத்தான் இப்படிக் கூப்பிடுவாள். அந்த அம்மா பயந்துகொண்டே வந்து நிற்பார். திருகாணியை இறுக்கிவிட்டு, "காசெல்லாம் வேண்டாம், போய் ஏரியப் பாருங்க" என்று அதட்டி அனுப்பிவிடுவாள். பாப்பாத்திக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு அதைவிட ஜாஸ்தி என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அந்தப் பக்கத்துத் தெருக்களில் கொலுசு வேலை தெரியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்தே முத்துக் கோர்ப்பதும் பற்றவைப்பதும் கொக்கி மாட்டுவதுமாக அவள் கை பழகிவிட்டது. ஏற்காட்டில் ஓட்டல் சமையல்காரராக இருந்த ராஜேந்திரனைக் கட்டிக்கொண்டு மலை ஏறியபோது, இனி ஊதுகுழலுக்கும் உமி நெருப்புக்கும் ஒரு கும்பிடு என்றுதான் நினைத்தாள். ஆனால் சும்மா உட்கார்ந்தால் குளிர் எலும்பில் ஏறியது. பக்கத்து வீட்டம்மாவின் அறுந்த கொலுசை ஒருநாள் பற்றவைத்துக் கொடுத்தாள். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. கடை அப்படி வந்ததுதான்.

இந்த வேலை அவளுக்குச் சேலத்து வேலையைவிடப் பிடித்துப்போனது. அங்கே கட்டுக்கட்டாகக் கொலுசு செய்து அனுப்பினாள். எது எந்தக் காலுக்குப் போனதோ, அவளுக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு நகையும் ஓர் ஆளோடு வருகிறது. குரங்கு பிடுங்கிக் கடித்துத் துப்பிய ஜிமிக்கியோடு ஒரு புதுப்பெண் வந்தாள். பெண்டாட்டியின் நெளிந்த மோதிரத்தைக் கட்டிங் பிளேயரால் நிமிர்த்தப் பார்த்து இன்னும் கெடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு மாப்பிள்ளை வந்தான். கதையைக் கேட்காமல் பாப்பாத்தி நகையைத் தொடமாட்டாள். கேட்டுவிட்டால் அந்த நகை அவள் வீட்டு நகை ஆகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை அவளிடம் விட்டுவைத்த ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கொலுசு வேலைக்காரர்களுக்கு ஒற்றை ஆகாது. ஒரு கொலுசைச் செய்தால் அடுத்ததை அதே எடையில், அதே மினுக்கில், அதே சத்தத்தில் செய்து, இரண்டையும் நூலால் கட்டிய பிறகுதான் கை ஓயும். பாப்பாத்தியின் கண்ணும் அப்படியே ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூடக் குனிந்து ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் "என்னங்க விசயம்?" என்று கேட்பாள். இந்தப் பழக்கம்தான் அவளை ஒரு தடவை நன்றாக மாட்டிவிட்டது.

மிளகு பறிக்கிற காலம் அது. செம்மநத்தத்திலிருந்து கண்ணாயி என்கிற விவசாயி வீட்டு அம்மாள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி வெள்ளித் தண்டையை எடுத்து வைத்தாள். கொலுசு மாதிரி மெலிசு இல்லை. விரல் கனத்துக்கு உருண்டு, உள்ளே கூடாக, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிற பழைய தண்டை. ஒன்று முழுசாக இருந்தது. மற்றது பக்கவாட்டில் பிளந்து வாயைத் திறந்திருந்தது.

"மொளகு ஏணியில கால் மாட்டிக்கிச்சுங்க அக்கா. பத்த வெச்சுக் குடுங்க. சீக்கிரமாக் குடுத்தீங்கன்னா நொம்பப் புண்ணியமாப் போவும்."

"உக்காரு அம்மிணி. என்ன அவசரம்? ஊட்டுல விசேசமா?"

"விசேசமெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கோணும், அதுக்குத்தான்."

பாப்பாத்தி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாயி சொன்னாள். அவள் புருஷன் பொன்னுவேலுக்குச் சர்க்கரை முற்றிக் கண் போய்விட்டது. ஆனாலும் மனிதர் சும்மா உட்காரவில்லை. கண்ணாயியின் தண்டைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவள் பின்னால் தோட்டத்துக்குப் போவார், கொடிக்குக் கொடி தடவி மிளகு பறிப்பார், ஓடையைத் தாண்டுவார். ஒரு கால் தண்டை ஊமையான நாளிலிருந்து அவருக்கு அடி தெரியவில்லை. ஒரு தடவை மேட்டில் இடறி விழுந்தார். அதோடு கட்டிலில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

"கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டாருங்க. நானென்ன சந்தைக்கு ஓட்டற மாடான்னு கேக்கறாரு. பையன் திருப்பூருல இருந்து ஒரு குச்சி வாங்கியனுப்புனான். அதை வெச்சுக் கோழி முடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறாரு."

கண்ணாயி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பேச்சு முடிந்ததும் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாப்பாத்திக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

"நீ போயிட்டு வா கண்ணு. உன்ற காலு சேலத்துக்கே கேக்கற மாதிரிப் பண்ணித் தாறேன்."

அவள் சொன்னால் செய்வாள். பிளந்த தண்டையை விரித்துத் திறந்தபோது, உள்ளிருந்து கருப்பாக, உருண்டையாக, தூசியும் அழுக்குமாக என்னவோ உதிர்ந்தது. "எலிப் புழுக்கை மாதிரி இருக்குதே, கருமம்" என்று எல்லாவற்றையும் தட்டிக் குப்பை டப்பாவில் போட்டாள். உட்புறத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவினாள். சேலத்திலிருந்து வாங்கி வைத்திருந்த நல்ல பளபளப்பான வெள்ளி முத்துகளைப் போட்டு, பிளவைக் கூட்டி, வெண்காரம் தடவிப் பற்றவைத்தாள். பற்றவைத்த இடம் அவளுக்கே தெரியவில்லை. காதருகே வைத்து ஆட்டினாள். கிணிகிணியென்று அப்படி ஒரு சத்தம்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த நல்ல தண்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். அது பழையபடி கலகலவென்றது. ஒன்று கிணிகிணி, மற்றது கலகல. எந்தக் கொலுசுக்காரிக்குத் தாங்கும்? அதன் அடிப்பக்கத்தில் அரக்கு வைத்து அடைத்திருந்த சின்ன ஓட்டையைக் குடைந்து, உள்ளே இருந்ததைக் கொட்டி, அதற்கும் அதே முத்தை நிரப்பி அடைத்தாள். இரண்டையும் சேர்த்து ஆட்டினாள். ஒரே குரல். நூலால் கட்டி வைத்தாள். ஒரு தண்டைக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு மற்றதைச் சும்மா செய்து தருகிற பெருந்தன்மையில் அன்றைக்கு அவளுக்குச் சோறுகூட ருசியாக இறங்கியது.

கண்ணாயி வந்து போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். பக்கத்து நர்சரிக்கார ஷீனா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கல்யாணப் பொண்ணு வந்த மாதிரி இருக்குதுக்கா!"

கண்ணாயி வெட்கப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். பாப்பாத்தி ரெண்டு நாளைக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் திரிந்தாள்.

அதே வாரம் கண்ணாயி திரும்பி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்திருந்தது.

"அக்கா, ஊட்டுக்குள்ள போனனுங்க. கட்டல்ல உக்காந்திருந்த மனுசன் சட்டுனு துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, 'யாருங்க? வாங்க வாங்க, உக்காருங்க'ங்கறாரு. அப்பறம் உள்ளார பாத்து, 'ஏ புள்ள கண்ணாயி, வந்தவங்களுக்குத் தண்ணி குடு'ன்னு சத்தம் போடறாரு!"

ஷீனா கையிலிருந்த பூவாளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணாயியும் சிரித்துச் சிரித்து இருமினாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாளுல இருந்து ஒருக்காக்கூட என்னைய வாங்கன்னு சொன்னதில்லீங்க. இப்பக் குறுக்க நெடுக்கப் போறப்பவெல்லாம் மரியாதைதான். நாந்தானுங்கன்னு சொன்னாலும், அடுத்த வாட்டிச் சத்தம் கேட்டதும் மறுக்காத் துண்டைச் சரி பண்றாரு."

"தோட்டத்துக்கு வாறாரா?" என்று கேட்டாள் பாப்பாத்தி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்லீங்க அக்கா. ஊரான் பொண்டாட்டி பொறவால போற மாதிரி இருக்குது, நான் வல்லேங்கறாரு."

இந்தத் தடவை ஷீனா ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டாள். ஆனால் பாப்பாத்திக்குத் தலையில் இடி விழுந்தது போல் ஆகிவிட்டது. கேட்டது ஒரு தண்டை. கெடுத்தது ரெண்டு. நல்லதாக இருந்ததைத் தொடாமல் விட்டிருந்தால், அதன் சத்தத்தை வைத்தாவது மற்றதைச் சரிசெய்திருக்கலாம். இப்போது பழைய சத்தம் உலகத்திலேயே இல்லை. அந்தக் கருப்புக் குப்பையும் இல்லை. வெள்ளிப் பொடி கலந்திருக்கும் என்பதால் பட்டறைக் குப்பையை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். அலசி எடுக்கிற ஆள் சேலத்திலிருந்து வந்து முந்தாநாள்தான் டப்பாவோடு வாங்கிக்கொண்டு போனான்.

"தண்டையக் கழட்டு அம்மிணி. சரி பண்ணாம நான் இந்தக் கடையில உக்கார மாட்டேன்" என்றாள் பாப்பாத்தி.

கடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். சாமான் பெட்டி, உமிச் சட்டி, பாய், எல்லாம் சாலைக்கு வந்துவிட்டன. ஸ்வெட்டர் கடைக்காரர் பாப்பாத்தி கடையைக் காலி செய்கிறாள் என்றே நினைத்துவிட்டார். கடைசியில், நகையை வைத்துத் தட்டுகிற மரக்கட்டையின் வெடிப்பில் ஒன்று சிக்கியிருந்தது. ஒரே ஒன்று. பாப்பாத்தி சாமணத்தால் நெம்பி எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்தாள். அழுக்கு போனதும் கருகருவென்று, குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது.

ஷீனா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அக்கா, இது கல்வாழை விதை! என்ற கடை வாசல்லயே தொட்டியில நிக்குது பாருங்க. வெள்ளிக்குள்ள தோட்டம் போட்டிருக்கறாங்க!"

அந்தக் காலத்தில் தண்டை செய்தவர், கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். வேலியோரம் செவ்வெனப் பூத்துக் கிடக்கிற செடியின் விதை. பாப்பாத்திக்கு அந்த முகம் தெரியாத ஆசாரியின் மேல் அவ்வளவு மரியாதை வந்தது. முத்துகளை எல்லாம் வெளியே எடுத்தாள். விதையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வசதியாக, இரண்டு தண்டையின் ஓட்டைக்கும் ஒவ்வொரு தோட்டுத் திருகாணியை மூடியாக வைத்தாள். ஷீனா தன் கடையிலிருந்து புது விதை கொடுத்தாள். ஏரி வேலியோரம் காய்ந்து தொங்கிய பழைய காய்களைப் பாப்பாத்தியே போய் உதிர்த்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, செம்மநத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பொன்னுவேல் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கோழி விரட்டும் குச்சி பக்கத்தில் இருந்தது. வந்தது யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"என்ற ஊட்டுக்காரியத் தொலைச்சது நீங்கதானுங்களா? வாங்க, வாங்க."

"தொலைச்சதை நானே கண்டுபுடிச்சுக் குடுக்கறேனுங்கண்ணா. காதை மட்டும் இங்க குடுங்க."

பாப்பாத்தி தரையில் உட்கார்ந்தாள். கட்டையில் கிடைத்த அந்த ஒன்றோடு ஏரியோரத்துப் பழைய விதைகளைத் தண்டைகளுக்குள் போட்டு, திருகி, அவர் காதருகே வைத்து ஆட்டினாள்.

"இது இல்லீங்க."

கொஞ்சம் குறைத்தாள்.

"இவ நொம்ப ஒல்லியா இருக்கறா."

புது விதை போட்டாள்.

"இவ பட்டாளத்துல இருந்து வாறா. கண்ணாயி இத்தனை வெறப்பா நடக்க மாட்டா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியில் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பொன்னுவேல் தலையைச் சாய்த்துக் கேட்டு, இவள் சண்டைக்காரி, இவள் சோம்பேறி, இவள் யாரோ வெளியூர்க்காரி என்று தீர்ப்புச் சொல்ல, வேலிப்பக்கம் சிரிப்பு வெடித்தது. பாப்பாத்தி கலந்தாள், குறைத்தாள், கூட்டினாள். முதலில் போட்டதையே மறுபடி போட்டாள். அதற்கும் "இல்லீங்க"தான். அவளுடைய விரல் நுனி சிவந்து, மூக்கு நுனியும் சிவந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, நீங்க கச்சேரிக்கு மார்க்குப் போடறீங்களா? இதுக்கு மேல நான் எந்தக் காட்டுல போயி வெதை பொறுக்கறது?"

பொன்னுவேல் சிரிக்கவில்லை. "இருந்தாச் சொல்ல மாட்டனுங்களா? எனக்கு மட்டும் இந்தக் கட்டலு மேல ஆசைங்களா?" என்றார் மெதுவாக. தன் கைவேலை இத்தனை நாளில் முதல்முறையாகத் தோற்றுவிட்டது என்று பாப்பாத்தி நினைத்தாள். தலை குனிந்து முடிச்சுகளைக் கட்ட ஆரம்பித்தாள்.

"பஸ்ஸு வாறதுக்குள்ள அக்காளுக்கு டீ வெச்சுட்டு வாறேன்" என்று கண்ணாயி எழுந்தாள். தண்டையைக் கழற்றியதிலிருந்தே வெறுங்காலாக இருப்பது அவளுக்கு என்னவோ போல் இருந்திருக்கிறது. தரையில் கிடந்த தண்டைகளை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, அடுப்படியைப் பார்த்து நடந்தாள்.

"ஏ புள்ள, சக்கரை டப்பா மேல கெடக்குது, ஏணி போட்டு ஏறாத" என்றார் பொன்னுவேல்.

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது அவருக்கே உறைத்தது. கண்ணாயி நின்றுவிட்டாள். வேலியில் ஒருத்தி "ஆத்தாடி" என்றாள்.

"மறுக்கா நட" என்றார். கண்ணாயி நடந்தாள். அடுப்படிக்குப் போய் டீச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் போகிற பக்கமெல்லாம் அவர் முகம் திரும்பியது.

பாப்பாத்தி வெடுக்கென்று எழுந்தாள். "அண்ணா! மொதமொதல்ல ஆட்டுனனே, அதே வெதைதானுங்க இது! அப்ப இல்லைன்னீங்களே!"

"அப்ப நீங்க ஆட்டுனீங்க. இப்ப அவ நடக்கறா."

பாப்பாத்தி அப்படியே திகைத்துப் போனாள். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் கொலுசைக் காதருகே ஆட்டிப் பார்த்திருப்பாள்! அவளுடைய ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கொலுசு காலில் போடுகிற சாமான் என்பது ஒருவருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும் சேர்த்துத்தான். கண்ணாயி வலது காலைக் கொஞ்சம் அழுத்தி, இடது காலைச் சற்று இழுத்து வைக்கிறவள். அந்த நடையை எந்தக் கையாலும் ஆட்ட முடியாது. பாப்பாத்திக்குச் சிரிப்பு வந்தது. தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, வேலியில் நின்ற பெண்களோடு சேர்ந்து கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள்.

பொன்னுவேல் யாரையும் கவனிக்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மேக்கால கொடியில மொளகு இன்னும் கெடக்குதா புள்ள?"

"கெடக்குதுங்க. யாரு பறிச்சா?"

"நட."

அடுப்பில் கொதித்த டீயை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாயி இறங்கினாள். விருந்தாளி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை. குச்சி கட்டிலிலேயே கிடந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் அவள் முன்னே போக, அவர் கையை வீசிக்கொண்டு பின்னே போனார். வேர் குறுக்கிட்ட இடத்தில் அவள் காலை அழுத்தி வைத்தாள், அவர் காலைத் தூக்கி வைத்தார். ஓடைப் பக்கம் அவள் நின்றாள், அவரும் நின்றார். பிறகு இலைகள் மறைத்துவிட்டன.

பொங்கி வழிந்த டீயைப் பாப்பாத்தியே போய் இறக்கி, தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கீழே பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் கூப்பிட்டார். "நீங்க போங்க, நான் வல்லே" என்று கையை ஆட்டிவிட்டு, பொன்னுவேலின் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. பெண்களும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சரிவின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பாப்பாத்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாயி ஓடையைத் தாண்டுகிறாள். இப்போது மேடு ஏறுகிறாள். வேர் கிடக்கிற இடம் வந்துவிட்டது, வலது காலை அழுத்தி வைக்கிறாள். பாப்பாத்திக்கும் எல்லாம் தெரிந்தது. அதற்குச் சற்றுப் பின்னால், மடி நிறைய மிளகோடு ஏறி வருகிற மனிதரின் மூச்சு வாங்குகிற சத்தமும், "ஏ புள்ள, ஓடாத, நான் வாறனல்ல" என்று அவர் போடுகிற அதட்டலும் கேட்டன.